மாட்டுத் தொழுவமும் கல்லாப்பெட்டி நோட்டீசும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் தேக்காவை வெறுங்கையோடு கடக்க முடியாது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒரு நோட்டீசை நீட்டும். புதிதாகத் திறந்த மெஸ் இன்னொன்றை நீட்டும். நகைக்கடை, விமான டிக்கெட், பல் மருத்துவர் என்று பஃபலோ ரோட்டில் தொடங்கிக் கேம்பல் லேன் போய்ச் சேர்வதற்குள் சட்டைப்பை நிறைந்துவிடும். நான் இந்த வட்டாரத்து அச்சகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஈய எழுத்தைப் பொறுக்கி அச்சுக் கோர்த்த காலத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து ஆப்செட்டுக்கு அனுப்பிய காலம்வரை கும்பாபிஷேகம், கருமாதி, தீபாவளித் தள்ளுபடி என எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் போட்டிருக்கிறேன். ஒரு நோட்டீசின் ஆயுள் எவ்வளவு என்று என்னைக் கேட்டால், அடுத்த குப்பைத்தொட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு என்பேன்.

வேலையின் கடைசி ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பையனும் ஒரு சீனப் பெண்ணும் அச்சகத்துக்கு வந்தார்கள். இருவரும் பாலிடெக்னிக் மாணவர்கள். கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள், முகப்பில் கன்றுக்குட்டி. இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விடச் சொல்லும் வீகன் பிரசாரம். “அங்கிள், இதத் தமிழ்ல போட்டுத் தரணும். தேக்காவுல குடுக்கணும்” என்றான் பையன். எத்தனை என்று கேட்டேன். ஆயிரம் என்றான். எந்த அமைப்பும் பின்னால் இல்லை. பகுதிநேர வேலையில் சம்பாதித்த கைக்காசு.

தமிழாக்கத்தை நானே செய்து கொடுத்தேன். செய்யும்போது ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. இவர்களுக்கு முன்னால் நம் ஆட்களிடம் புலால் மறுப்பை யார் யார், எந்த வழியில் சொன்னார்கள்? எது ஒட்டியது, எது உதிர்ந்தது? ஓய்வு பெற்றபின் இதற்காகவே தேசிய நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இந்த வட்டாரத்தில் சைவம் நிலைத்தது அடுப்பினால். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த தாள் பிழைத்தது. மற்றவை காற்றோடு போயின.

விலங்குகளுக்காகப் பேசச் சிங்கப்பூரில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இதைவிடச் சங்கடமான இடமும் கிடையாது. தேக்கா மாட்டால் வளர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய இந்தத் தாழ்நிலம் சதுப்பாகக் கிடந்தது. தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. எருமை புரளச் சேறும் இருந்தது. மாட்டு வியாபாரிகள் இங்கே கொட்டில் போட்டார்கள். பஃபலோ ரோடும் பக்கத்திலுள்ள கெர்பாவ் ரோடும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எருமையின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கண்டாங் கெர்பாவ் என்ற எருமைத் தொழுவத்தின் பெயரைத்தான் கேகே மருத்துவமனை இரண்டு எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறது. 1924ல் அது மகப்பேற்று மருத்துவமனையானது. 1966ல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து உலக சாதனையானது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்று நண்பர்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

இன்னும் இரண்டு தெருப் பெயர்களைப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வியாபாரத்தில் பெரிய ஆளான யூத வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸின் பெயரில் ஒரு சாலை. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் போவது அதுதான். பெரிய இறைச்சி வியாபாரியாக இருந்த ஆண்ட்ரே ஃபிலிப் டெஸ்கரின் பெயரில் இன்னொன்று. மாட்டை வாங்கி விற்றவருக்கு ஒரு தெரு, வெட்டி விற்றவருக்கு ஒரு தெரு. மேய்த்தவருக்குத் தெரு இல்லை.

மேய்த்தவர்களிலும் வண்டி ஓட்டியவர்களிலும் நம் ஆட்கள் நிறைய. மாடு அன்று வண்டி இழுத்தது, எள் செக்கை இழுத்தது, கோதுமை அரைக்கும் கல்லைச் சுற்றியது, பாலும் கொடுத்தது. என் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து மாட்டு வண்டி ஓட்டியவர். மாட்டிறைச்சியைக் கையால் தொடமாட்டார். ஆனால் இழுக்கத் தெம்பு இழந்த மாடு எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். இறைச்சிக்கூடம் தூரத்தில் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை என்பார் அப்பா. சதுப்பை வற்றவைத்துக் கட்டடங்கள் எழுந்தன; நகராட்சியின் சுகாதார விதிகள் இறுகின. 1930களோடு கொட்டில்களின் காலம் முடிந்தது.

மாடு போனாலும் ஆடு நின்றது. 1915ல் கட்டப்பட்ட பழைய தேக்கா சந்தையை 1982ல் எதிர்ப்பக்கத்துப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபோது இறைச்சிக் கடைகளும் கூடவே போயின. ஆட்டிறைச்சிக்கு இன்றும் தீவின் மற்ற மூலைகளிலிருந்து ஆட்கள் தேக்காவுக்குத்தான் வருகிறார்கள். தொடைக்கறி, நெஞ்செலும்பு, குடல், தலை என்று கேட்டபடி வெட்டித் தருவார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

அந்தச் சந்தையிலிருந்து சாலையைக் கடந்தால் சைவ உணவகங்கள். ஆனந்த பவன் 1924ல் தொடங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்திய சைவ உணவகம் என்ற பெயர் அதற்கு உண்டு. கோமள விலாஸ் முருகையா ராஜூவின் கையில் 1947ல் பிறந்தது. இரண்டும் யாரையும் திருத்த வந்தவை அல்ல. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அறையில் பாய் போட்டுப் படுத்த தனி ஆண்களுக்குச் சமைக்க இடம் இல்லை. சோறு போட ஒருவர் தேவைப்பட்டார். ஏன் சைவம் என்பதற்கு வயதான மாஸ்டர் ஒருவர் எனக்குச் சொன்ன விளக்கம் சரியென்றே படுகிறது: குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பருப்பும் அரிசியும் கெடாது, தோசையைப் பார்த்து முஸ்லிம் வாடிக்கையாளருக்கு ஹலால் சந்தேகம் வராது, இந்துவுக்கு எது மாடு, எது ஆடு என்ற பயம் வராது. எல்லாருக்கும் பொதுவாகச் சோறு போட நினைத்தவருக்குச் சைவமே சிக்கலில்லாத வியாபாரம்.

இதே காலத்தில் தாய்நாட்டில் சைவச் சாப்பாட்டுக் கடை என்பது வேறொரு பொருளும் தாங்கியிருந்தது. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற பாகுபாடு 1941ல்தான் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957ல் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சிராங்கூன் சாலையில் நான் அப்படி ஒரு பலகையைப் பார்த்து வளரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் வங்கிக் குமாஸ்தாவும் ஒரே மேசையில் இலைக்கு எதிரே உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனாலும் ஊரிலிருந்து வந்தவர்களின் மனதில் அந்த நினைவு இருந்தது. நம் மக்களிடம் ‘இறைச்சியை விடு’ என்று சொல்பவர், தன்னை அறியாமலேயே ‘உன்னைவிட நான் உயர்ந்தவன்’ என்று சொல்வதாகக் காதில் விழும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் எந்த வீகன் நோட்டீசும் இதைக் கணக்கில் எடுத்ததில்லை.

விலங்குகள் பக்கம் நின்று மலாயாத் தமிழரிடம் உரக்கப் பேசியவர்கள் சைவ உணவுக்காரர்கள் அல்லர் என்பது வேடிக்கையான உண்மை. பெரியார் 1929ன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்துவிட்டுப் போனார். சிங்கப்பூரில் 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். காவடி, தீமிதி, உயிர்ப்பலி எல்லாவற்றையும் சீர்திருத்தக்காரர்கள் சாடினார்கள். கோயில் வாசலில் ஆட்டை வெட்டாதே என்றார்கள். வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிடாதே என்று சொல்லவில்லை. அவர்கள் எதிர்த்தது மூடநம்பிக்கையையும் வீண் செலவையும். பெரியாரே புலால் உண்டவர்; சைவத்தை உயர்ந்த சாதியின் அடையாளமாகக் காட்டுவதைக் கண்டித்தவர்.

சட்டத்தின் வழியாகவும் முயன்று பார்த்தார்கள். கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1950ல் ஒரு சட்டம் வந்தது. கிராமத்துச் சாமிகள் அதைச் சட்டை செய்யவில்லை. கெடா வெட்டு நடந்துகொண்டே இருந்தது. அரை நூற்றாண்டு தூங்கிய அந்தச் சட்டத்தை 2003ல் தமிழக அரசு எழுப்பிக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. எங்கள் குலசாமியின் படையலைத் தடுக்க நீ யார் என்று எதிர்ப்பு கிளம்பியது. மறு ஆண்டே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். மேலிருந்து வந்த கருணையை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

வள்ளலார் வேறு வழியில் போனார். உயிர் இரக்கத்தை அவரைப்போல அழுத்திச் சொன்னவர் நம்மிடம் குறைவு. ஆனால் 1867ல் வடலூரில் அவர் முதலில் நிறுவியது தருமச்சாலை. சத்திய ஞான சபை அதற்குப் பிறகுதான் வந்தது. பசித்து வந்தவனிடம் சாதி கேட்கவில்லை, கொள்கை கேட்கவில்லை. புலால் இல்லாத சோற்றைப் போட்டார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. கொள்கையைக் கேட்க வந்தவர்களைவிட அங்கே சாப்பிட வந்தவர்கள் பல மடங்கு இருப்பார்கள். கொள்கை பரவியதும் அந்தப் பந்தி வழியாகத்தான்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1888ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக இறைச்சி தொடாமல் அரைப் பட்டினி கிடந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தபோது அதன் கதவருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில் ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக வாதாடி எழுதிய சிறு நூல் கண்ணில் பட்டது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே சாப்பாட்டு அறைக்குப் போனார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறாரச் சாப்பிட்ட முதல் வேளை அதுதான் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதுவரை வாக்குக்காகச் சைவமாக இருந்தவர் அந்த நூலைப் படித்தபின் விரும்பிச் சைவமானார். அச்சுத் தொழிலாளியான எனக்கு இதில் பிடித்தது அந்தப் புத்தகம் வைக்கப்பட்டிருந்த இடம். தெருமுனையில் ஒருவர் அதை நீட்டியிருந்தால் பசியோடு நடந்த அந்த இளைஞர் வாங்கியிருப்பாரா என்பது சந்தேகம்.

ஆனால் பாலை விடுவது காந்திக்கே முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1912ல் விட்டார். பின்னர் கடும் நோய்க்குப் பிறகு ஆட்டுப்பாலுக்குச் சம்மதித்தார். ரேஸ் கோர்ஸ் லேனில் 1950ல் நேரு அடிக்கல் நாட்டிய காந்தி நினைவு மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஆட்டுப்பால் நினைவுக்கு வரும். பாலையும் முட்டையையும் சேர்த்து விட்டவர்கள் 1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் தலைமையில் பழைய சைவ உணவுச் சங்கத்திலிருந்து பிரிந்து வீகன் சங்கம் கண்டார்கள். நோட்டீசை முறையான ஆயுதமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1993ல் மேட் பாலும் ஜாக் நோரிஸும் தொடங்கிய ‘வீகன் அவுட்ரீச்’ அமைப்பின் தொண்டர்கள் கல்லூரி வாசல்களில் நின்று, போகிற வருகிற மாணவர் கையில் எல்லாம் ஒரு கையேட்டைத் திணித்தார்கள். என்னிடம் வந்த இரண்டு பிள்ளைகளும் அந்தப் பாணியைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் அந்தப் பாணி செல்லாது. 2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கொள்கையை ஆதரித்தோ எதிர்த்தோ பொது இடத்தில் கூடுவதற்கு அனுமதி வேண்டும். ஒரே ஒருவர் நின்றாலும் அது அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை 2000ல் திறக்கப்பட்டது, 2008 முதல் அங்கே ஆர்ப்பாட்டமும் செய்யலாம். ஆனால் அங்கே இருக்கும் மரங்களுக்கு வீகன் பிரசாரம் தேவையில்லை. பிரியாணிக் கடை நோட்டீஸ் கொடுப்பவர் தேக்காவில் நிற்கலாம், கன்றுக்குட்டி நோட்டீஸ் கொடுப்பவர் யோசித்துத்தான் நிற்க வேண்டும் என்று சொன்னபோது அந்தச் சீனப் பெண்ணின் முகம் வாடியது.

இந்த வேலையில் அவர்களுக்கு முன்னோடி உண்டு. 1999ல் தொடங்கிய சிங்கப்பூர் சைவ உணவுச் சங்கம், இன்று பெயர் மாறி ‘சென்டர் ஃபார் எ ரெஸ்பான்சிபிள் ஃபியூச்சர்’ என்று இயங்குகிறது. கண்காட்சியில் சாவடி, பள்ளியில் பேச்சு, சமைத்துக் காட்டுவது என்று நாலு சுவருக்குள்ளேயே நடந்த வேலை அது. தொண்டர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, ருசி பார்க்க ஒரு துண்டு கொடுத்து, பிறகு தாளைக் கொடுப்பார்கள். தெரு மூடியிருந்ததால் உணவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று.

எங்கள் ஆயிரம் தாளுக்கும் அதே வழியைத் தேடினோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சைவ உணவகத்தில் கல்லாவில் உட்கார்பவர் எனக்குப் பழக்கம். கல்லா மேசையில் சோம்பும் கற்கண்டும் கலந்த கிண்ணம், பல்குத்தும் குச்சி, உண்டியல். அவற்றுக்கு நடுவே தாள்களை வைக்கக் கேட்டேன். எடுத்துப் படித்தார். “அண்ணே, பாலை விடச் சொல்ற நோட்டீச என் கல்லாவுல வெச்சா, என் காப்பி என்னாவுறது?” என்றார். நியாயமான கேள்வி. “சரி, உங்க கடையிலயே பாலும் நெய்யும் இல்லாதது என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க. அதைப் பின்பக்கம் போடறேன்” என்றேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. “மாஸ்டரக் கேளுங்க” என்று உள்ளே அனுப்பினார்.

மாஸ்டர் கும்பகோணத்துக்காரர். அடுப்பை விட்டு நகராமலே பதில் சொன்னார். இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், தேங்காய்ப்பால், உளுந்து வடை, எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய்ச் சட்னி, எல்லாம் சரி. சாம்பார் சரி. ரசத்துக்கு அவர் நெய்யில் தாளிக்கிறார். எண்ணெய்க்கு மாற்றலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார். வெண்பொங்கல், கேசரி, மைசூர் பாகு பக்கம் போகவே வேண்டாம். குருமாவில் முந்திரியோடு கொஞ்சம் தயிரும் விழுகிறது. பரோட்டா மாவில் பால் சேரும். கடைசியாக ஒன்று சொன்னார், எந்த நோட்டீசிலும் நான் படித்திராதது: “நெய் ரோஸ்ட் எடுத்த கல்லுலதான் அடுத்த சாதா தோசையும் வேகும் சார். உங்க ஆளுங்க கேட்டா, வெங்காயத்தால கல்லத் தேச்சுட்டு ஊத்தித் தரேன்.” அந்த வரியை அப்படியே பின்பக்கத்தில் போட்டேன். முன்பக்கத்துக் கன்றுக்குட்டியைச் சிறிதாக்கினேன். தாள்கள் கல்லாவில் உட்கார்ந்தன. முதல் கட்டு தீர்ந்ததும் கல்லாக்காரரே இன்னொரு கட்டு கேட்டுப் போன் செய்தார். வாடிக்கையாளர்கள் அதை மெனு மாதிரி எடுத்துப் பார்க்கிறார்களாம்.

நம் சைவத்துக்கும் வீகனுக்கும் நடுவே நிற்பது பால்தான். பொங்கல் சமயத்தில் கேம்பல் லேன் பக்கம் கடைக்காரர்கள் சங்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டிவைக்கும். நகரத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்துப் படமெடுப்பார்கள். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் போகும். கொவிட் காலத்தில் 2021ல் காவடியையே நிறுத்திவிட்டார்கள். பால்குடத்தை மட்டும் நிறுத்தவில்லை, கோயிலே தயார் செய்து கையில் கொடுத்தது. பால் நமக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த ஆண்டு சாட்சி. நானும் விதிவிலக்கல்ல. பால் தேநீரை விட்டுவிட்டேன். காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் சொல்லப் பழகிவிட்டது. தயிர்சாதத்தை விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். பொறுத்துக்கொள்கிறார்கள்.

சீனர் பக்கம் இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுடைய பழைய சமையலில் பாலுக்கு இடமே இல்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் தவிர்க்கும் பாட்டிகள் யாரும் தங்களை வீகன் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஃபுட் சாய் காய் என்ற சீன சைவ உணவகம் 1953ல் தொடங்கியது; தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிச்சனர் ரோட்டில் இருக்கிறது. வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அக்கம்பக்கம்; இங்கே ஊதுபத்தி ஏற்றியவர் அங்கேயும் ஏற்றிவிட்டு, பக்கத்து ஃபார்ச்சூன் சென்டரில் சைவ மீ ஹூன் சாப்பிடப் போவார். அந்தச் சீனப் பெண் தன் பாட்டியைப் பார்த்துத்தான் இறைச்சியை விட்டாள். நோட்டீஸ் அதன்பிறகு வந்தது. தமிழ்ப் பையனின் கதை வேறு. மட்டன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் கிடையாது. அவனுக்குத்தான் பேச்சு அதிகம் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிறு அவன் அந்தக் கல்லா அருகே நின்றிருந்தபோது, புதுக்கோட்டைப் பக்கத்துக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தாளைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஐயா, வாரம் பூராவும் கேட்டரிங் சோறு. ராத்திரி ஆக்கி விடியுறதுக்குள்ள குடுத்துடுவான், மத்தியானம் பிரிச்சா புளிச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நானா காசு குடுத்துப் பிரியாணி திங்கறேன். அதையும் விடணுமா?” பையன் பதில் சொல்ல வாயெடுத்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மனிதரின் தட்டில் எதை எடுப்பது என்று பேசும் முன், வாரத்தில் ஆறு நாள் அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இதே தெருக்களில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பின் தொண்டர்கள் 2008 முதல் ‘கஃப் ரோடு’ திட்டத்தின் பெயரில் வேலை இழந்த தொழிலாளர்களுக்கு உணவகங்கள் வழியாக இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பிட வருகிறவரிடம் அங்கே வழக்கு விவரமும் பேசுவார்கள், ஆலோசனையும் சொல்வார்கள். முதலில் சோறு, பிறகு பேச்சு என்ற வடலூர் வரிசைதான் அது.

இன்னொரு பக்கம், 2020 டிசம்பரில் உலகிலேயே முதல் நாடாக, ஆய்வகத்தில் உயிரணுவிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்கச் சிங்கப்பூர் அனுமதித்தது. கொல்லாமல் கிடைக்கும் கறி. அதைக் கொண்டாடுவதா கூடாதா என்று அந்தப் பிள்ளைகளின் குழுவே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மாட்டுக் கொட்டிலில் தொடங்கிய வட்டாரத்துக்காரனான எனக்கு அதில் ஆச்சரியம் உண்டு, அவசரம் இல்லை. தேக்கா சந்தையில் கறிக்கு நிற்கும் வரிசை அதனால் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

இப்போது பையன் அடுத்த தாளுக்கு வந்து நிற்கிறான். தைப்பூச நாளில் ஐயாயிரம் அடிக்கலாம் என்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். கோயில் அன்னதானச் சமையற்கட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அங்கே சோறும் சாம்பாரும் பொரியலும் ஏற்கெனவே அவன் கேட்கிறபடியேதான் வேகின்றன. மிச்சம் இருப்பது மோரும் பாயசமும். பாசிப்பருப்புப் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் நம் ஊர்ச் சமையலில் புதிதும் அல்ல. ஆயிரம் பேருக்கு அதை வைக்க எத்தனை தேங்காய் பிடிக்கும், பாலைவிட எவ்வளவு கூடுதல் செலவாகும், அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பார் என்ற கணக்கோடு வா, ஐயாயிரம் தாளின் அச்சுக்கூலியைத் தேங்காய்க்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். கணக்கு ஒத்துவந்தால் பந்தியில் எடுப்பாக வைக்க ஒரு சின்ன அட்டை போதும். அதை நானே கோர்த்துத் தருகிறேன்.